கயிறு எட்டாத இடம்

2017 ஆடி அமாவாசை கழிந்த கிழமை. கீரிமலைக் கேணியடியில் பிதிர்க்கடன் செய்ய வந்த சனம் குறைந்து, நகுலேஸ்வரத்து வீதி மறுபடியும் ஆடுகளின் வசமாகியிருந்தது. கேணியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீட்டு விறாந்தையில், ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன் ஒரு செம்மஞ்சள் பையை அவிழ்த்துப் பாயில் பரப்பினான். மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சின்னிவிரல் மொத்தத்தில் பதினைந்து மீற்றர் கயிறு. டைனீமா என்ற இழையில் பின்னியது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளங்கையில் அடங்கும் கப்பி இரண்டு. கயிறு பின்னுக்கு நழுவாமல் கவ்வும் ஒரு பிடி. மரத்தில் சுற்றுவதற்கு நான்கு விரல் அகலப் பட்டி. இரும்புக் கொளுவிகளுக்குப் பதிலாகக் கயிற்றாலேயே முடிந்த மூன்று வளையங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாண் நீளக் காற்றுப் பம். அதை மருமகன் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

"மாமா, இதாலை யானையையும் இழுக்கலாம்."

"யானை இஞ்சை இல்லையடா. மணல்தான் கிடக்கு."

மாமாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஓ/எல் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். கப்பியின் பொறிமுறை நயத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை கீறியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. ஆனால் சேற்றிலோ மணலிலோ புதைந்த மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்க அவர் ஒருநாளும் கப்பியைப் பாவித்ததில்லை. அவருடைய காலத்து மீட்புச் சாமான்கள் வேறு.

1990 இல் போர் திரும்பத் தொடங்கியதும் கீரிமலைச் சனம் ஊரைவிட்டு வெளியேறியது. அந்த ஆண்டு ஒக்டோபரில் நகுலேஸ்வரத்தில் குண்டு விழுந்த செய்தியை அவர் இடம்பெயர்ந்த வீட்டுத் திண்ணையில் இருந்துதான் கேட்டார். பொருளாதாரத் தடையில் பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது நின்றது; கள்ளமாகக் கிடைத்த சொட்டுக்குப் பொன் விலை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. மண்ணெண்ணெயில் இயந்திரம் குளிரில் பற்றாது. அதனால் குழந்தைக்குப் பால் பருக்கும் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்து, காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பீச்சி, உதைத்துப் பற்றவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். புகை வீதியை மூடும். பிளக் கரி பிடித்து ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும்.

ஆகவே அவருடைய ஹோண்டா எம்டி 90 இன் இருக்கைக்குக் கீழ் எப்போதும் இருந்தவை: சூப்பிப் போத்தல், பிளக் திருகி, ஒரு துண்டு அரத்தாள், பழைய ரியூப்பை நீளத்துக்கு வெட்டிய நாடா. நாடாவுக்குப் பாவனை இன்னதென்றில்லை. விறகு கட்டவும் உதவும், உடைந்த மட்காட்டை இறுக்கவும் உதவும். 1993 இல் கிளாலிக் கடலேரியைக் கடக்க அந்த எம்டி 90 ஐப் படகில் ஏற்றியபோது, படகு ஆடும்போது வண்டி சரியாமல் பிடித்ததும் அதே நாடாதான். கரையில் முழங்கால் சேற்றுக்குள் இறக்கிய வண்டியை மூன்று பேர் தூக்கினார்கள். யார் அவர்கள் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. எல்லோரும் இருட்டில் வந்தவர்கள், இருட்டில் போனவர்கள்.

இப்போது அவரிடம் இருந்தது கைமாறி வந்த யமஹா செரோ 225. யப்பானில் மலைப் பாதைகளுக்கென்று செய்த மெல்லிய வண்டி. மருமகன் கொழும்பில் வாடகைக்கு எடுத்து வந்தது ஹோண்டா எக்ஸ்ஆர் 250. அவன் ரொறன்ரோவில் ஓட்டுவது பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸின் முந்தைய வடிவம். பிறகு வந்த ஆர் 1250 ஜிஎஸ்ஸின் எடை 249 கிலோ என்று உற்பத்தியாளரே சொல்வார்; இதுவும் அதே பார வகை. பை அந்த வண்டிக்காக வாங்கியது. எடை பாதியளவே உள்ள வண்டிகளுக்கு அது தேவைதானா என்ற கேள்வி விறாந்தையிலேயே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

முதல் பரீட்சை வீட்டுக்குக் கிட்டவே நடந்தது. கீரிமலையின் நிலம் சுண்ணாம்புக்கல். கடலை ஒட்டியே நன்னீர் ஊறும் கேணி இருப்பதற்கும் அந்தக் கல்லுக்குள் ஓடும் வெடிப்புகளும் குகைகளுமே காரணம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றுபோகும்வரை தின்றதும் இதே கல்லைத்தான். அவருடைய பள்ளித் தோழன் ஒருவரின் வளவில், மாடுகள் தினமும் இறங்கி ஏறும் பழைய கல் கிடங்கு ஒன்று இருந்தது. மருமகன் அதற்குள் இறங்கினான். ஏற முடியவில்லை. பின்சில்லு உதிரிக் கல்லில் சுழன்று சுழன்று தன் குழியைத் தானே தோண்டியது.

கிடங்கின் விளிம்பில், நாலு மீற்றரில், ஒரு பனை நின்றது. பட்டியை மரத்தின் அடியில், நிலத்தோடு ஒட்டச் சுற்றினார்கள். மேலே கட்டினால் நெம்புகோல்போல மரத்தின் மீது அழுத்தம் கூடும். ஒரு கப்பி மரத்தில், மற்றது வண்டியின் முன்பக்கத்தில். கயிற்றை மூன்றாக மடித்ததும் இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிட்டது. மாமா இழுத்தார், மருமகன் ஹாண்டிலைப் பிடித்து முதல் கியரில் மெல்லத் தள்ளினான். ஒரு மீற்றர் ஏற மூன்று மீற்றர் கயிறு கைக்கு வந்தது. பத்து நிமிடத்தில் வண்டி மேலே.

கரும்பலகையில் இருபது வருடமாகக் கீறியது கைக்குள் வேலை செய்வதைப் பார்த்த சந்தோசத்தில், அந்தக் கணக்கின் மறுபக்கத்தை ஆசிரியர் மறந்துவிட்டார். பதினைந்து மீற்றர்க் கயிற்றை மூன்றாக மடித்தால் அது எட்டுவது ஐந்து மீற்றர். பனை நாலு மீற்றரில் நின்றது வெறும் அதிர்ஷ்டம்.

மறுநாள் மணற்காடு. சுன்னாகம், புத்தூர், அச்சுவேலி, வல்லைவெளி, நெல்லியடி என்று போய்க் குடத்தனை தாண்டினால் குடாநாட்டின் நிறம் மாறும். செம்மண்ணும் புகையிலைத் தோட்டமும் முடிந்து வெள்ளை மணல் மேடுகள் தொடங்கும். மணல் விழுங்கிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் அங்கே பாதி வெளியே நிற்கின்றன. ஆடியில் சோளகம் வீசும்போது மேடுகள் இடம் மாறுவது கண்ணுக்கே தெரியும்.

மேட்டின் முதுகில் அடம்பன் கொடி படர்ந்திருந்த இடத்தில் சில்லுக்குப் பிடி இருந்தது. ஆனால் அந்தக் கொடிதான் மணலைக் கட்டி வைத்திருக்கிறது. அதைக் கிழித்துக்கொண்டு ஓட மாமா விடவில்லை. கொடியை விலத்தி வெறும் மணலில் இறங்கிய எக்ஸ்ஆர் முப்பது மீற்றர் ஓடிற்று. பிறகு வேகம் குறைந்தது. மருமகன் அக்சிலேற்றரை முறுக்கினான். பின்சில்லு அச்சுவரை இறங்கி, இயந்திரத்தின் அடிவயிறு மணலில் அமர்ந்தது. கைவிட்ட பிறகும் வண்டி சாயாமல் நட்டுவைத்ததுபோல நின்றது.

செம்மஞ்சள் பை அவிழ்ந்தது. கயிறு நீண்டது. கட்டுவதற்கு ஒன்றுமில்லை. சவுக்கு மரங்கள் பின்னால் வெகு தூரத்தில், முன்னால் கடல். செரோவில் கட்டி இழுத்தால் செரோவும் தோண்டிக்கொண்டு இறங்கியது. மரம் இல்லாத இடத்தில் ஒரு பொருளை ஆழப் புதைத்து அதில் கட்டி இழுக்கலாம் என்று மருமகன் படித்திருந்தான். கரையில் கிடந்த பனங்குற்றி ஒன்றைக் கையால் கிண்டி முழங்கால் ஆழத்தில் புதைத்தார்கள். அரை மணித்தியாலம். முதல் இழுவையிலேயே குற்றி மணலைப் பிளந்துகொண்டு எழும்பி வந்தது. இடுப்பளவு ஆழம் வேண்டும். அதற்கு மண்வெட்டி வேண்டும். மண்வெட்டி பையில் இல்லை.

கரைவலை இழுத்து முடித்த நாலைந்து பேர் இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூத்தவர் ஒருவர் மடித்துக்கட்டிய சாரத்தோடு ஏறி வந்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்து, நல்ல கயிறு என்றார். பிறகு குந்தியிருந்து பின் ரயரை அமத்தினார்.

"தம்பியவை, உதுக்குள்ளை காத்து கூடிப்போச்சு. திறந்து விடுங்கோ. வண்டியைப் பாட்டிலை சரிச்சுப் போட்டுக் கிடங்கைத் தூருங்கோ."

சொன்னபடியே செய்தார்கள். வண்டியை இடப்பக்கம் சரித்ததும் சில்லு குழியிலிருந்து தானாக வெளியே வந்தது. காலால் மணலைத் தள்ளிக் குழியை மூடினார்கள். நிமிர்த்தியபோது சில்லு மட்டமான மணலில் நின்றது. வால்வு ஊசியை அமத்தி, 28 பிஎஸ்ஐயில் இருந்த காற்றைப் பாதிக்குக் கொண்டுவந்தார்கள். ரயர் தளர்ந்து, நிலத்தைத் தொடும் பாதம் நீண்டது. மருமகன் ஏறவில்லை, பக்கத்தில் நடந்தபடி முதல் கியரில் மெல்ல விட்டான். வண்டி நடந்து வந்தது. மூத்தவர் மட்காட்டில் ஒரு கை வைத்ததோடு சரி.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குமுன் கயிற்றோடு கழிந்தது ஒன்றரை மணித்தியாலம்.

கதை அதோடு முடிந்திருந்தால் மாமா அதை வகுப்பில் சொல்லிச் சிரித்திருப்பார். தார் வீதிக்கு ஏறியதும்தான் காற்றடிக்கும் பம்மைத் தேடினார்கள். இல்லை. பை பாரம் என்று காலையில் மருமகன் அதை மட்டும் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். பாதிக் காற்றோடு கிறவல் வீதியில் மெல்ல வந்தார்கள். ஒரு கல்லின் விளிம்பில் பின்சில்லு ஏறி இறங்கியது. ரயருக்கும் ரிம்முக்கும் நடுவே ரியூப் நசிந்து பக்கத்துக்குப் பக்கம் இரண்டு துளை. தளர்ந்த ரயருக்குள் ரியூப் இருந்தால் இதுதான் ஆபத்து. சில வேளை ரயர் ரிம்மில் வழுக்கி வால்வையே பிய்த்தும்விடும். மாமாவின் பெட்டியில் சொலூசனும் ஒட்டுத் துண்டும் இருந்தன, பழைய பழக்கம். ஒட்டினார். ஒட்டிய ரியூப்புக்குக் காற்று? வழியில் வந்த பொடியனின் சைக்கிள் பம்மின் வாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்குப் பொருந்தவில்லை. ஒட்டுக்கடை வரை எக்ஸ்ஆரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெயில் உச்சியில்.

பாரம்தான் இந்தக் கதையின் வில்லன் என்று மாமாவுக்கு அன்று தோன்றத் தொடங்கியது. உலகம் பார்த்த உதாரணம் ஒன்று மருமகனுக்கே மனப்பாடம். 2004 இல் நடிகர்கள் இவான் மக்ரெகரும் சார்லி போர்மனும் லண்டனிலிருந்து நியூயோர்க்குக்குக் கிழக்கு நோக்கி ஓடியபோது, பிஎம்டபிள்யூ ஆர் 1150 ஜிஎஸ் வண்டிகளில் பொதிகளை அடுக்கிக்கொண்டு மொங்கோலியாவுக்குள் நுழைந்தார்கள். சேற்றில் விழுவதும் தூக்குவதுமாக நாட்கள் கழிந்தன. ஒளிப்பதிவாளரின் வண்டி பழுதாகி லொறியில் ஏறியது. அவர் அங்கேயே ஒரு ரஷ்ய இஷ் பிளானெட்டாவை வாங்கிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். விலையிலும் எடையிலும் பிஎம்டபிள்யூவுக்குப் பக்கத்தில் நிற்க முடியாத வண்டி அது.

டக்கார் ராலியில் ஓடுகிறவர்களும் கயிறு இழுக்கும் வின்ச் சுமப்பதில்லை. 2024 இல் ராலி 2 பிரிவை வென்ற கேரளத்துச் சொர்ணூர்க்காரர் ஹரித் நோவா, ஓசூரின் டிவிஎஸ் பங்காளியாக இருந்த ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காகச் சவூதி மணலில் ஓடியவர். அந்த உலகத்தில் ரியூப்பே கிடையாது. ரயருக்குள் மூஸ் என்ற நுரை உருளையை அடைத்துவிடுகிறார்கள், துளையும் இல்லை காற்றும் இல்லை. வண்டியில் ஏறும் ஆயுதங்கள் கைக்கு அடக்கமானவை. உதவியாளர் எவருமின்றி ஓடும் பிரிவுக்கும் அங்கே தனி மரியாதை உண்டு. மணலில் புதைந்தவருக்கு முதல் கருவி அவருடைய இரண்டு கால்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஹாண்டிலின் கீழ் நுனியைப் பிடித்து, இடுப்பால் தள்ளிப் பின்னடியாக நடந்து நிமிர்த்துவது எப்படி என்று அவர்கள் பழகி வைத்திருப்பது அதற்காகத்தான்.

மூன்றாம் நாள் கிளாலி. 1993 இல் எம்டி 90 ஐ இறக்கிய கரையைக் காட்ட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. முகமாலைப் பக்கம் போகும்போது பனைகளைப் பார்த்தாலே ஊர் விளங்கும்: தலையற்ற மரங்கள், பல ஆண்டுகள் போர் முன்னரங்கு ஓடிய கோடு. உலகில் கண்ணிவெடி மிக அடர்த்தியாகப் புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்றாக முகமாலையைச் சொல்வார்கள். கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் இலங்கையில் வேலை தொடங்கியது 2002 இல். மண்டியிட்டு, முகக்கவசத்தோடு, கையால் மண்ணைச் சுரண்டும் வேலை.

மணல் ஏற்றும் டிப்பர்கள் கிழித்த தடத்தில் இந்த முறை செரோ இறங்கியது. இங்கே மரம் இருந்தது. எட்டு மீற்றரில், நேராக, கயிற்றை மடிக்காமல் கட்டினால் எட்டக்கூடிய பனை. மருமகன் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கப் போனான்.

மாமா அவன் சேட்டைப் பிடித்து இழுத்தார்.

தடத்துக்கும் பனைக்கும் நடுவில், புல்லுக்குள், முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புப் பலகை. மண்டையோடும் குறுக்கெலும்பும். மூன்று மொழியில் எழுத்து. அவனுக்கு அது கண்ணில் படவில்லை. அவன் கண் மரத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தது.

ரொறன்ரோவில் வளர்ந்தவனுக்கு வீதியை விட்டு இறங்குவது விளையாட்டு. மாமாவின் தலைமுறைக்கு அது தடுக்கப்பட்ட செயல். தெருவை விட்டு இறங்காதே, தெரியாத வளவில் கால் வைக்காதே, மற்றவன் நடந்த தடத்தில் நட என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மீள்குடியேறிய பிறகும் கீரிமலையில் சொந்தக் காணியின் மூலைக்குப் போக அவருக்குப் பல மாதம் பிடித்தது. கயிறும் கப்பியும் பாவிப்பதற்கு முதல் தேவை, வண்டியை விட்டு நாலு திசையிலும் நடக்கும் சுதந்திரம் என்பதை அந்தச் சிவப்புப் பலகைக்கு முன்னால்தான் ஆசிரியர் கண்டுபிடித்தார். கண்ணிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது அதே 2017 டிசம்பரில்.

தடத்துக்குள்ளேயே நின்று வேலையை முடித்தார்கள். சரித்தல், தூர்த்தல், நிமிர்த்தல். பெட்டியில் இருந்த பழைய சாக்கு ஒன்றைச் சில்லுக்கு முன்னால் விரித்தார்கள். காற்றைப் பாதிக்கு விட்டார்கள். செரோ எழும்பிவிட்டது. தார் வீதிக்கு வந்ததும் மருமகன் பேசாமல் பம்மை எடுத்தான். இந்த முறை அது மேல்பையில் இருந்தது. இரண்டு சில்லுக்கும் காற்றடித்து முடிக்க அவன் கை சோர்ந்துவிட்டது. கிளாலிக் கரையை அன்று பார்க்கவில்லை.

மருமகன் போகும்போது பையை விட்டுவிட்டுப் போனான். மாமா அதைப் பிரித்து, தன் சாமான்களோடு சேர்த்து மூன்று கும்பலாக வைத்தார். வண்டியோடு எப்போதும் போவது: பம், காற்று அளக்கும் மானி, ஒட்டுத் துண்டும் சொலூசனும், மாற்று ரியூப் ஒன்று, ரயர் கழற்றும் தட்டை நெம்பி இரண்டு, சாக்கு, தண்ணீர், அரத்தாள், ரியூப் நாடா. இரண்டு வண்டியாகப் போகும்போது மட்டும் சேர்வது: கயிறும் வளையங்களும், பழுதானதை மற்றது கட்டி இழுத்து வருவதற்கு. வீட்டில் தங்குவது: கப்பிகளும் கவ்வும் பிடியும். கீரிமலையின் கல் கிடங்குகளில் அவை நன்றாக வேலை செய்யும். மலைநாட்டுச் சரிவுகளில் இன்னும் நன்றாகச் செய்யும், அங்கே ஐந்து மீற்றருக்குள் ஒரு மரம் நிற்கும். குடாநாட்டு மணலில் அவை வெறும் பாரம். 190 கிலோ அளவான ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் போன்ற வண்டியில் தனியாகப் போகிறவருக்கு இந்தக் கணக்கு வேறாக வரலாம். அவருக்கும்கூட முதல் கும்பல் மாறாது.

கப்பிகள் சும்மா கிடக்கவில்லை. கிணற்றுக்குள் இருக்கும் தண்ணீர் மோட்டரைப் பழுது பார்க்க மேலே எடுக்கும்போது அவை இறங்குகின்றன. முன்பு மூன்று பேர் வேண்டும். இப்போது ஆசிரியரும் மனைவியும் போதும்.

அடுத்த வருகைக்கு முன் மருமகன் தொலைபேசி எடுத்தான். இம்முறை மின்கலத்தில் ஓடும் வின்ச் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும் கொண்டுவரட்டா என்றும் கேட்டான்.

"நல்ல பம் ஒண்டு கொண்டு வா," என்றார் மாமா. "கயிறு இஞ்சை கிடக்கு."